காவலே களவாடும் நோய்: குழந்தைகட்கு வரும் அரிய நிணநீர்ப் புற்றும் அதன் பெயர் வரலாறும்

முன்னுரை

மொழியாசிரியர் நோயைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் எந்த நோயும் மருத்துவரிடம் முதலில் சொல்லாகவே வந்து சேர்கிறது. குழந்தை அழுகிறது, தாய் அவ்வழுகையைத் தன் மொழியில் எடுத்துரைக்கிறாள், மருத்துவர் அதனைத் தம் துறைமொழியில் பெயர்த்துக்கொள்கிறார், ஆய்வுகள் செய்து முடிவில் அதற்கொரு பெயர் இடுகிறார். பெயர் சரியாக அமைந்தால் மருந்தும் சரியாக அமையும். பெயர் தவறினால் மருந்தும் தவறும்.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் நோய் ஒன்று உண்டு. இயற்கைக் கொல்லி உயிரணு எனப்படும் வெள்ளணு வகையில் தோன்றும் நிணநீர்ப் புற்றே அது. வளர்ந்தோரிடமே அரிதான இந்நோய் குழந்தைகளிடம் மிக மிக அரிது. நோய் அரிதாக இருப்பதனால் நோயுற்ற குழந்தையின் துன்பம் குறைந்துவிடுவதில்லை. மாறாக, அதனை இன்னதென்று அறிவாரும் அரியராகிவிடுகின்றனர். அவ்வுயிரணு யாது, அது எவ்வாறு நோயாகிறது, அந்நோய்க்கு இடப்பட்ட பெயர்கள் எவ்வாறு மாறின, அம்மாற்றங்களால் குழந்தைகட்கு விளைந்த நன்மை யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

புற்றும் நண்டும்

புற்றுநோய் என்னும் சொல் தமிழில் பொருள் பொதிந்த ஒன்று. கறையான் மண்ணுக்குள் அரித்து, மேலே புற்றாக எழும்புவது போல, உடலுக்குள் அரித்து வெளியே புடைத்தெழும் நோய் என அச்சொல் பொருள்படும். கிரேக்கர் இதனை நண்டாகக் கண்டனர். கட்டியைச் சுற்றிப் பரவும் இரத்த நாளங்கள் அவர்கட்கு நண்டின் கால்களைப் போலத் தோன்றின. இலத்தீன் மொழியினரும் நண்டைக் குறிக்கும் தம் சொல்லாலேயே இந்நோயைக் குறித்தனர். அதுவே இன்று உலகெங்கும் வழங்கும் கேன்சர் என்னும் சொல். அரபு மொழியில் இந்நோய்க்கு வழங்கும் 'சரத்தான்' என்னும் சொல்லுக்கும் நண்டு என்பதே பொருள். கிரேக்க மருத்துவ நூல்கள் அரபு மொழிக்குப் பெயர்க்கப்பட்டபோது பெயரோடு உருவகமும் உடன் சென்றதை இது காட்டுகிறது. தமிழ் மட்டும் இவ்வரிசையில் சேராமல், தன் நிலத்துப் புற்றையே உவமையாகக் கொண்டது.

அடுத்து, நிணநீர் என்னும் சொல்லைக் காண்போம். இரத்தக் குழாய்களினின்று கசிந்து, திசுக்களிடையே தங்கி, தனிக் குழாய்கள் வழியே மீண்டும் இரத்தத்தைச் சேரும் தெளிந்த நீர் இது. இக்குழாய்களின் வழியில் ஆங்காங்கே அவரை விதை போன்ற முடிச்சுகள் உள்ளன. காலில் முள் தைத்துச் சீழ் கொண்டால் தொடையிடுக்கில் வீக்கம் காண்கிறதன்றோ? அதனை நம் வீட்டுப் பெரியவர்கள் 'நெறி கட்டியிருக்கிறது' என்பர். நிணநீர் முடிச்சு என்று பாடநூல் கூறுவதும் நெறி என்று பாட்டி கூறுவதும் ஒன்றே. காயத்தின் வழியே நுழைந்த கிருமியோடு வெள்ளணுக்கள் போரிடும் களம் அது. அவ்வெள்ளணுக்களுள் ஒன்று கட்டுப்பாடிழந்து பெருகுமானால் அதுவே நிணநீர்ப் புற்று. குழந்தைகட்கு வரும் புற்றுகளுள் இரத்தப் புற்றும் மூளைக் கட்டிகளும் முன்னிற்க, அவற்றை அடுத்து எண்ணப்படுவது நிணநீர்ப் புற்றேயாகும்.

நிணநீரைச் சார்ந்த வெள்ளணுக்கள் மூவகைப்படும். எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் பி அணு ஒன்று. பகையை இனங்கண்டு தாக்கும் டி அணு மற்றொன்று. நம் கட்டுரைக்கு உரிய இயற்கைக் கொல்லி அணு மூன்றாவது. குழந்தைகளின் நிணநீர்ப் புற்றுகள் பெரும்பாலும் முதல் இருவகை அணுக்களிலேயே தோன்றுகின்றன. மூன்றாவதில் தோன்றுவன மிகச் சிலவே.

கொல்லி என்னும் காவலன்

'கொல்' என்னும் பகுதியோடு இகர விகுதி சேர்ந்து, கொல்லும் பொருளை உணர்த்தக் 'கொல்லி' என்னும் சொல் அமைந்தது. பூச்சிக்கொல்லி, கிருமிக்கொல்லி, வலிக்கொல்லி என இவ்விகுதி நம் காலத்திற் பல கலைச்சொற்களைத் தந்துள்ளது. கலைச்சொல்லாக்கம் பயிற்றும் வகுப்பில், 'கொல்லி என்பது நற்சொல்லா, தீச்சொல்லா?' என்று நாம் வினவுவதுண்டு. எதனைக் கொல்கிறது என்பதைப் பொறுத்தது என்றே மாணவர் விடை கூறுவர். அவ்விடை இவ்வுயிரணுவுக்கும் முற்றும் பொருந்தும்.

1975 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா கிளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோர் எலிகளிடம் ஓர் உயிரணு வகையைக் கண்டு அறிவித்தனர். அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மன் குழுவினரும் அதே ஆண்டு அத்தகைய செய்தியை வெளியிட்டனர். அதற்கு முன்னர், வெள்ளணு ஒன்று பகையணுவைக் கொல்ல வேண்டுமாயின் அப்பகையோடு முன்பே பழகியிருத்தல் வேண்டும் எனக் கருதப்பட்டது. இவ்வணுக்களோ முன்பழக்கம் ஏதுமின்றிப் புற்றணுக்களைக் கொன்றன. ஆய்வுக்கூடங்களில் இவ்விளைவு முன்பே தென்பட்டதுண்டு. ஆயினும் ஆய்வின் குறைபாடு என்றே அது ஒதுக்கப்பட்டு வந்தது. கற்பிக்காமலே இயல்பாகக் கொல்லும் தன்மை பற்றி இயற்கைக் கொல்லி என்னும் பெயர் அதற்கு அமைந்தது.

முன்பழக்கம் இல்லாத இவ்வணு பகையை எவ்வாறு அறிகிறது? இதற்கு விடை கண்டவர் கிளாஸ் காரே என்னும் சுவீடன் நாட்டு அறிஞர். 1980களில் அவர் முன்வைத்த கருத்து எளிமையும் ஆழமும் உடையது. நம் உடலின் நலமான உயிரணுக்கள் ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் 'நான் இவ்வுடலைச் சேர்ந்தவன்' என அறிவிக்கும் புரத அடையாளம் ஒன்றைத் தாங்கியுள்ளன. வைரஸ் புகுந்த அணுவும் புற்றாக மாறிய அணுவும் டி அணுவின் கண்ணுக்குத் தப்பும் பொருட்டு அவ்வடையாளத்தை மறைத்துக்கொள்வதுண்டு. கொல்லி அணுவோ அவ்வடையாளம் இல்லாமையையே தேடுகிறது. ஊர்க் காவலர் இரவில் வருவோரிடம் அடையாளச் சீட்டைக் கேட்பது போன்றது இது. சீட்டு இருந்தால் விட்டுவிடும், இல்லாவிடின் தாக்கும். தாக்கும்போது பெர்ஃபோரின் என்னும் புரதத்தால் பகையணுவின் சுவரில் துளையிட்டு, கிரான்சைம் என்னும் நொதிகளை உட்செலுத்தி அதனை அழிக்கும்.

இரத்தத்தில் சுற்றும் நிணவணுக்களுள் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு இவ்வகையைச் சேர்ந்தவை. சிறுபான்மையினவாக இருந்தும் இவற்றின் பணி பெரிது. இவ்வணுக்கள் இல்லாத வளரிளம் பெண்ணொருத்தி ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்களால் மீண்டும் மீண்டும் கடுமையாகத் தாக்குண்டதை 1989 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தனர். காவலின் அருமை காவல் இல்லாத இடத்திலே விளங்கிற்று.

வைரஸ் ஒன்றின் வரலாறு

இனிக் காவலனைக் கெடுக்கும் பகையைப் பற்றிக் கூறவேண்டும். அதன் வரலாறு ஆப்பிரிக்காவில் தொடங்குகிறது. அயர்லாந்தில் பிறந்த டெனிஸ் பர்கிட் என்னும் அறுவை மருத்துவர் உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவில் முலாகோ மருத்துவமனையில் பணியாற்றினார். 1957 ஆம் ஆண்டு, தாடை எங்கும் வீங்கிய சிறுவன் ஒருவனை அவர் அங்குக் கண்டார். சில வாரங்களில் வேறோர் ஊரில் அதே நோயோடு மற்றொரு குழந்தையைக் கண்டதும், இவை தனித்தனி நோய்கள் அல்ல, ஒரே நோயே என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. 1958 ஆம் ஆண்டு அதனைக் கட்டுரையாக்கினார். 1961 ஆம் ஆண்டு பழைய ஊர்தி ஒன்றில் நண்பர் இருவரோடு பத்து வாரங்களில் ஏறத்தாழ 10,000 மைல் பயணம் செய்து, இந்நோய் எவ்வெவ்வூர்களில் உள்ளது என்று மருத்துவமனைதோறும் கேட்டறிந்தார். இன்று பர்கிட் நிணநீர்ப் புற்று எனப்படும் அது பி அணுக்களில் தோன்றுவது.

அதே 1961 ஆம் ஆண்டு மார்ச்சு 22 அன்று பர்கிட் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் உரையாற்றினார். கேட்டிருந்தோருள் அந்தோனி எப்ஸ்டீனும் ஒருவர். இந்நோயின் பின்னே வைரஸ் இருத்தல் கூடும் என எண்ணிய அவர், கம்பாலாவிலிருந்து கட்டியின் துண்டுகளை வானூர்தியில் வரவழைத்தார். இரண்டாண்டுகளுக்கு மேலாக ஒன்றும் புலப்படவில்லை. ஒருநாள் மூடுபனியால் வானூர்தி மான்செஸ்டர் நகருக்குத் திருப்பிவிடப்பட, துண்டு காலந்தாழ்த்தி வந்தது. அது மிதந்த நீர் கலங்கியிருந்தது. கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிடாமல் எப்ஸ்டீன் அதனை நுண்ணோக்கியில் நோக்கினார். கலங்கலுக்குக் காரணம் கட்டியினின்று பிரிந்து மிதந்த உயிருள்ள அணுக்கள். அவற்றை வளர்த்து மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது வைரஸ் தென்பட்டது. எப்ஸ்டீன், திரினிதாத் நாட்டவரான பெர்ட் அச்சாங், இவான் பார் அம்மையார் ஆகிய மூவரும் 1964 ஆம் ஆண்டு இதனை வெளியிட்டனர். எப்ஸ்டீன்-பார் வைரஸ் என அது பெயர் பெற்றது. மனிதரிடம் புற்றுக்குக் காரணமென முதன்முதல் அறியப்பட்ட வைரஸ் இதுவே.

இவ்வைரஸின் பெயரைக் கேட்டு அஞ்சவேண்டியதில்லை. உலகில் வளர்ந்தோருள் பதின்மருள் ஒன்பதின்மருக்கு மேற்பட்டோர் உடலில் இது உறங்கிக்கிடக்கிறது. எச்சில் வழியாகப் பரவுவது. நம் நாடு போன்ற நாடுகளில் குழந்தைப் பருவத்திலேயே பெரும்பாலும் அறிகுறி ஏதுமின்றி வந்து பி அணுக்களில் தங்கிவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் இருந்தும் கோடிக்கணக்கானோர்க்கு ஒரு கேடும் செய்வதில்லை. மிகச் சிலரிடம் மட்டுமே இது தன் வழக்கமான உறைவிடத்தை விட்டு டி அணுவிலோ கொல்லி அணுவிலோ புகுந்து அதனைப் பெருகச் செய்கிறது.

வேலியே பயிரை மேய்தல்

வைரஸ் புகுந்த அணுவைக் கண்டு கொல்வது கொல்லி அணுவின் தொழில். அக்கொல்லி அணுவுக்குள்ளேயே வைரஸ் குடியேறிவிட்டால் யாரிடம் முறையிடுவது? 'வேலியே பயிரை மேய்ந்தாற்போல' என்னும் நம் பழமொழி இந்நோயின் இயல்பை ஒரு தொடரில் உரைத்துவிடுகிறது. இயற்கைக் கொல்லி அணுப் புற்றுகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் இவ்வைரஸ் காணப்படுகிறது.

இந்நோய் உலகில் எங்கும் ஒரேயளவாகப் பரவியிருக்கவில்லை. சப்பான், கொரியா, சீனம், தைவான் ஆகிய கிழக்காசிய நாடுகளிலும், மெக்சிகோ, குவாத்தமாலா, பெரு, பொலிவியா முதலிய நாடுகளின் தொல்குடி மக்களிடையேயும் மிகுதியாகக் காணப்படுகிறது. பிற இடங்களில் மிகவும் அரிது. இந்தியாவிலும் இந்நோயாளிகள் பற்றிய பதிவுகள் மருத்துவ இதழ்களில் உள்ளன.

குழந்தைகளிடம் இந்நோய்க் குடும்பம் பல வடிவங்களில் தோன்றும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2022 ஆம் ஆண்டு வகைப்பாட்டில், குழந்தைப் பருவத்துக்குரிய எப்ஸ்டீன்-பார் வைரஸ் சார்ந்த டி அணு, கொல்லி அணு நோய்கள் நான்காக ஒரு தொகுதியில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முதலாவது கடுங்கொசுக்கடி ஒவ்வாமை. கொசு கடித்த இடம் சிறிது தடித்து மறைவதே இயல்பு. இக்குழந்தைகட்கோ கடித்த இடம் கொப்புளமாகிப் புண்ணாகிக் கருகி வடுவாகிறது, உடன் கடுங்காய்ச்சலும் வருகிறது, நெறி கட்டுகிறது. கொசுக்கடி தோறும் இவ்வாறே நிகழ்கிறது. இங்கு வைரஸ் பெரும்பாலும் கொல்லி அணுவில் தங்கியிருக்கும். கொசு இந்நோயைக் கொடுப்பதில்லை. அதன் எச்சிலுக்கு உடல் காட்டும் எதிர்வினை, உள்ளே ஏற்கெனவே இருக்கும் கேட்டை வெளிப்படுத்துகிறது.

இரண்டாவது, வெயில் படும் முகம், காது, கை ஆகிய இடங்களில் நீர்க்கொப்புளங்கள் தோன்றி அம்மைத் தழும்பு போன்ற வடுக்களை விட்டுச்செல்வது. 1862 ஆம் ஆண்டே பசேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இதனை விவரித்து, அம்மை வடுவை நினைவூட்டும் 'ஹைட்ரோவா வாக்சினிஃபார்மே' என்னும் பெயரை இட்டார். மூன்றாவது, வைரஸ் தணியாது நீடிக்கும் உள்நோய். மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ஈரல் வீக்கம், மண்ணீரல் வீக்கம், இரத்த அணுக் குறைவு ஆகியன இதன் குறிகள். நான்காவது, சில வாரங்களிலேயே உயிரைப் பறிக்கவல்ல டி அணுப் புற்று. முதல் மூன்றும் ஆண்டுக்கணக்கில் மெல்ல நடந்து, சில குழந்தைகளிடம் கொல்லி அணு இரத்தப் புற்றாகவோ நிணநீர்ப் புற்றாகவோ முதிரக்கூடும்.

இந்நான்கின் வேறாக, வளர்ந்தோரிடம் மிகுதியும் காணப்படும் மூக்குவழிக் கொல்லி அணுப் புற்று குழந்தைகளையும் சில வேளைகளில் தாக்குகிறது. ஒருபக்க மூக்கடைப்பு, மூக்கில் குருதி, முகவீக்கம், அண்ணத்தில் புண் எனத் தொடங்குவதால் வெறும் நீர்க்கோவை என்றே நெடுநாள் கருதப்படுவதுண்டு.

இவற்றைப் படித்துப் பெற்றோர் அஞ்சலாகாது. நம் ஊரில் கொசுக்கடிக்குப் பின் காய்ச்சல் கண்டால் அது டெங்கு முதலிய நோயாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. மூக்கடைப்பு பெரும்பாலும் சளியே. கொசுக்கடி ஒவ்வொரு முறையும் புண்ணாகிக் கருகுவதும், காரணம் புலப்படாக் காய்ச்சல் வாரங்கள் கடந்தும் தணியாமையும், நெறிக்கட்டி வலியின்றிப் பெருத்துக்கொண்டே போவதும் மருத்துவரிடம் தவறாது கூறவேண்டியவை என்பதே நாம் வலியுறுத்துவது.

பெயர் மாறிய மூன்று இடங்கள்

இந்நோய்க் குடும்பத்தின் பெயர் வரலாறு மொழி பயில்வோர் ஊன்றிக் கற்கவேண்டிய ஒன்று. மூக்குவழிப் புற்றினை மெக்பிரைட் என்னும் மருத்துவர் 1897 ஆம் ஆண்டு, மூக்கையும் முகத்தையும் விரைந்தழிக்கும் நோய் என்று விவரித்தார். பின்னர் அது 'முகநடுவின் உயிர்க்கொல்லிப் புண்கழலை' என்னும் பொருள்படும் பெயரால் நெடுங்காலம் வழங்கிற்று. அப்பெயர் நோய் எங்கு வருகிறது, என்ன செய்கிறது என்பவற்றைக் கூறிற்றே அன்றி, நோய் யாது என்று கூறவில்லை. ஆகவே அழற்சி என்பாரும் தொற்று என்பாரும் புற்று என்பாருமாக மருத்துவர் மாறுபட்டனர். 1990 ஆம் ஆண்டு சப்பானிய மருத்துவர்கள் அத்திசுக்களில் எப்ஸ்டீன்-பார் வைரஸைக் கண்டறிந்தனர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2001 ஆம் ஆண்டு வகைப்பாட்டில் கொல்லி அணு, டி அணு நிணநீர்ப் புற்று என்னும் பெயர் நிலைபெற்றது. அழிவைக் குறித்த பெயர் அகன்று, அணுவைக் குறித்த பெயர் வந்ததும் மருந்து தேடுவோர்க்கு இலக்குப் புலனாயிற்று.

இரண்டாவது இடம் இதற்கு மறுதலையானது. அதே 2001 ஆம் ஆண்டு வகைப்பாட்டில் 'முளையணு வகைக் கொல்லி அணுப் புற்று' என்று ஒன்று இடம்பெற்றது. தோலில் கருஞ்சிவப்புத் தடிப்பாகத் தோன்றும் அந்நோய் அரிதாகக் குழந்தைகளுக்கும் வருவது. கொல்லி அணுவின் குறியீடாகிய சிடி56 என்னும் புரதம் அதன்மேல் காணப்பட்டதனால் அப்பெயர் பெற்றது. பின்னர் ஆராய்ந்தபோது அது கொல்லி அணுவே அன்று, கிளையணு எனப்படும் வேறொரு மரபின் முன்னோடி என்பது தெரிந்தது. 2008 ஆம் ஆண்டு வகைப்பாட்டில் பெயர் மாற்றப்பட்டது. ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு குலத்தை முடிவு செய்தல் தகாது என்பதற்கு இது சான்று.

மூன்றாவது இடம் குழந்தைகளை நேரே சார்ந்தது. 2008 ஆம் ஆண்டு வகைப்பாடு, மேலே கூறிய வெயிற்கொப்புள நோயின் கடுவடிவத்தை 'நிணநீர்ப் புற்று' என்றே பெயரிட்டது. ஆயின் அந்நோயுற்ற குழந்தைகள் பலர் ஆண்டுகள் பல வாழ்வதும், நோய் எவ்வாறு செல்லும் என்பது குழந்தைக்குக் குழந்தை வேறுபடுவதும் தெரியவந்தன. 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் புற்று என்னும் சொல் நீக்கப்பட்டு, 'நிணவணுப் பெருக்க நோய்' எனப் பெயர் மாற்றப்பட்டது. அதே திருத்தத்தில், சில வாரங்களில் உயிர்பறிக்கும் டி அணுப் பெருக்க நோய் 'புற்று' எனப் பெயர் மாற்றப்பட்டது. புற்று என்று எழுதினால் கடுமருந்து தொடங்கும். பெருக்கம் என்று எழுதினால் மருத்துவர் பொறுத்திருந்து நோக்குவர். ஒரு சொல்லை நீக்கியதும் ஒரு சொல்லைச் சேர்த்ததும் குழந்தைகளின் உடலில் ஏறும் மருந்தை மாற்றின.

பெயரை உறுதி செய்ய மருத்துவர் கட்டியின் சிறு துண்டை எடுத்து ஆராய்கின்றனர். இந்நோயில் திசு பெரிதும் இறந்துபோவதால் முதல் துண்டில் ஒன்றும் புலப்படாது போகலாம். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் துண்டெடுக்க நேர்வது இதனாலேயே. சிடி56 முதலிய புரதங்களையும், வைரஸின் சிற்றார்.என்.ஏ. அணுவுக்குள் உள்ளதா என்பதையும் சாயமேற்றி நோக்குவர். இரத்தத்தில் வைரஸின் அளவையும் கணக்கிடுவர். 'மறுபடியும் ஏன் அறுக்கிறார்கள்?' என்று தாய் வினவும்போது, அவளுக்கு விளங்கும் சொல்லில் இதனை எடுத்துரைக்க ஒருவர் வேண்டும்.

கினிப்பன்றியும் தண்ணீர்விட்டானும்

நிணநீர்ப் புற்றுக்கு நெடுங்காலம் வழங்கப்பட்டது 'சாப்' என்னும் நான்கு மருந்துக் கூட்டு. கொல்லி அணுப் புற்றில் அது போதிய பயன் தரவில்லை. இப்புற்றணுக்களின் சுவரில் உள்ள ஒரு புரதம், உட்புகுந்த மருந்துகள் சிலவற்றை இறைப்புப்பொறி போல வெளியே இறைத்துவிடுவதே காரணம். எனவே அப்பொறிக்கு அகப்படாத மருந்து தேவையாயிற்று. அது பிறந்த வரலாறு சுவையானது.

1806 ஆம் ஆண்டு வோக்கலேன், ரொபிக்கே என்னும் பிரெஞ்சு வேதியியலார் அஸ்பாரகஸ் என்னும் காய்ச்செடியின் சாற்றினின்று ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். செடியின் பெயரால் அஸ்பரஜின் எனப்பட்ட அதுவே முதன்முதல் தனித்தெடுக்கப்பட்ட அமினோ அமிலம். நம் நாட்டுத் தண்ணீர்விட்டான் கிழங்கும் அச்செடிப் பேரினத்தைச் சேர்ந்ததே. 1953 ஆம் ஆண்டு நியூயார்க்கில் சான் கிட் என்பவர், கினிப்பன்றியின் இரத்தத் தெளிநீரைச் செலுத்தினால் எலிகளின் நிணநீர்ப் புற்று கரைவதைக் கண்டார். குதிரையின் தெளிநீரும் முயலின் தெளிநீரும் அவ்வாறு செய்யவில்லை. கினிப்பன்றியின் தெளிநீரில் மட்டும் அஸ்பரஜினைச் சிதைக்கும் அஸ்பரஜினேஸ் என்னும் நொதி இருந்ததே காரணம் என்பதை சான் புரூம் 1960களின் தொடக்கத்தில் விளக்கினார். நலமான அணுக்கள் தமக்கு வேண்டிய அஸ்பரஜினைத் தாமே ஆக்கிக்கொள்ளும். இப்புற்றணுக்களுக்கு அத்திறன் குறைவு. இரத்தத்திலுள்ளதையே நம்பி வாழ்வன. அந்நொதி இரத்தத்திலுள்ளதைச் சிதைத்துவிட்டால் அவை பட்டினியால் மடியும். பின்னர் குடல்வாழ் நுண்ணுயிரினின்று இந்நொதி எடுக்கப்பட்டு மருந்தாயிற்று. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு உயிர்காக்கும் மருந்தாக விளங்கிய அதுவே கொல்லி அணுப் புற்றுக்கும் கைகொடுத்தது.

இதனால் அஸ்பாரகஸை உண்பதோ விலக்குவதோ இந்நோயைத் தீர்க்கும் என்று எவரும் எண்ணற்க. உடல் அப்பொருளைத் தானே ஆக்கிக்கொள்வதால் உணவால் அதனைக் கட்டுப்படுத்த இயலாது. கிழங்குப் பொடி தருவதாகக் கூறி மருத்துவமனையை மறக்கச் செய்வோரிடம் பெற்றோர் விழிப்பாக இருத்தல் வேண்டும். இந்நோயில் காலமே பெரும்பொருள்.

அஸ்பரஜினேஸோடு ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட், ஐஃபாஸ்ஃபமைடு, எட்டோப்போசைடு ஆகியவற்றைச் சேர்த்துச் சப்பானியரும் அவரைச் சார்ந்த கிழக்காசிய மருத்துவரும் ஒரு கூட்டு அமைத்தனர். மருந்துகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்க்க 'ஸ்மைல்', அதாவது புன்னகை என்னும் சொல் பிறந்தது. 2011 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில், புதிதாக நான்காம் நிலையில் இருந்தோரும் நோய் மீண்டோரும் மருந்துக்கு அடங்காதோருமாகிய 38 பேருக்கு இக்கூட்டு வழங்கப்பட்டு, ஏறத்தாழ 79 விழுக்காட்டினரிடம் நோய் தணியக் காணப்பட்டது. பெயர் புன்னகையாயினும் மருந்து கடுமையானது. வெள்ளணுக்கள் வீழ்ந்து தொற்று நேரும் இடர் மிகுதி. நோய் மூக்களவில் நிற்குமாயின் கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்து அளிப்பர். நீடித்த வைரஸ் நோயில், வேறொருவரின் குருதி ஆக்கும் மூல அணுக்களை மாற்றிவைத்தலே வேரறுக்கும் வழியாக இன்றும் கருதப்படுகிறது.

ஈண்டு ஒரு செய்தி கருதத்தக்கது. மேற்கூறிய ஆய்வில் சேர்க்கப்படுவதற்கு வகுக்கப்பட்ட வயது 15 முதல் 69 வரை. அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைகட்கு இந்நோய் மிக அரிது ஆதலின் தனிப் பெரும் ஆய்வு நடத்துதல் அரிது. குழந்தை மருத்துவர்கள் வளர்ந்தோரிடம் பெற்ற பட்டறிவையும், ஆங்காங்கே பதிவான சில குழந்தைகளின் வரலாற்றையும் துணைக்கொண்டே மருந்தளவை முடிவு செய்கின்றனர். ஆதலின் எந்நாட்டில் எக்குழந்தைக்கு இந்நோய் வந்தாலும் அதனை முறையாகப் பதிவு செய்தல் அடுத்த குழந்தைக்குச் செய்யும் உதவியாகும். பர்கிட் ஊர் ஊராகச் சென்று கேட்டுத் தொகுத்த பணியின் தொடர்ச்சியே அது.

உடனிருப்பார் கடமை

திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம், நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர் என மருத்துவத்தை நான்காகப் பகுத்து முடிகிறது. இந்நான்கனுள் குழந்தை நோயில் நான்காமவர்க்கு இரட்டைக் கடமை உண்டு. குழந்தையால் தன் நோயைச் சொல்ல இயலாது. உடனிருக்கும் தாயே குழந்தைக்கு வாயாகவும் மருத்துவருக்குச் செவியாகவும் விளங்கவேண்டியவள். எப்போது காய்ச்சல் வந்தது, எந்த இடத்தில் கொப்புளம் எழுந்தது, எத்தனை நாளில் ஆறிற்று, வடு நின்றதா என்பவற்றை அவள் ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எழுதிவைத்தாலும் போதும். மருத்துவர்க்கு அது பெருந்துணையாகும்.

அவளுக்கு நாம் தரவேண்டியது சொல். அவள் கையிற் கிடைக்கும் ஆய்வறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்திருக்கிறது. அதிலுள்ள 'கில்லர்' என்னும் சொல்லை மட்டும் யாரோ படித்துக் காட்ட, தன் பிள்ளைக்குக் கொல்லும் நோய் வந்துவிட்டது என்று அவள் நடுங்குவாள். அச்சொல் நோயைக் குறித்ததன்று. கிருமியைக் கொல்லும் காவலணுவின் பெயர் என்று தமிழில் ஒரு தொடர் எழுதியிருந்தால் அந்நடுக்கம் குறையும். மறுதலையாக, 'நெறிக்கட்டிதான், தானே போய்விடும்' என்று அவள் கருதியிருந்தால், வலியின்றி வளரும் நெறி வேறு என்னும் ஒரு தொடர் அவளை மருத்துவமனைக்கு விரையச் செய்யும். கலைச்சொற்கள் அகராதிக்குள் உறங்காமல் இத்தகைய தாயின் கையை அடைதல் வேண்டும்.

இப்பணியில் தமிழ் மாணவர்க்கு இடமுண்டு. மருத்துவரே நோயை அறிவார். ஆனால் எச்சொல் மக்கள் வழக்கில் உள்ளது, எச்சொல் அச்சுறுத்தும், எச்சொல் தவறாகத் தேற்றும் என்பதை மொழி பயின்றோர் எடுத்துக்கூறலாம். இருவரும் அமர்ந்து எழுதும் ஒரு பக்கச் செய்தித்தாள் குழந்தைகள் பிரிவின் வாயிலில் தொங்குமாயின், அது நாம் எழுதும் பல நூறு பக்க ஆய்வேட்டுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

முடிவுரை

இயற்கைக் கொல்லி அணு நம் உடலின் காவலன் என்பதும், எப்ஸ்டீன்-பார் வைரஸ் அக்காவலனுக்குள் புகும் அரிய நிலையில் குழந்தைகட்கு இந்நோய்க் குடும்பம் தோன்றுகிறது என்பதும் இதுவரை கண்டவற்றால் புலனாகும். அந்நோயின் பெயர்கள் 1897 தொடங்கி 2022 வரை பலமுறை திருத்தப்பட்டன. ஒவ்வொரு திருத்தமும் குழந்தைக்குத் தரும் மருத்துவத்தை ஒருபடி செம்மையாக்கிற்று. மருத்துவ உலகம் தன் சொற்களை இவ்வாறு ஆய்ந்து திருத்திக்கொண்டே வருகிறது. அச்சொற்களைத் தமிழ்த் தாய்மார்க்கு விளங்கச் செய்யும் பணி நம்முடையது. அப்பணியை நம் துறை மாணவர்கள் மேற்கொள்வார்களாயின், அரிய நோயுற்ற ஒரு குழந்தை சில வாரங்கள் முன்னதாக உரிய மருத்துவரை அடையக்கூடும். இந்நோயில் அச்சில வாரங்களே உயிரைக் காக்கும் வாரங்களாக அமைதலும் கூடும்.